நான் ஆணியடித்த சன்னல்

புகைபோக்கி கட்டிவிட்டால் புகை தானாக மேலே போய்விடும் என்று நம்பிய முட்டாள் நான்.

வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்களைச் சென்னை ராஜ்யத்தோடு விடுவதா, ஆந்திராவில் சேர்ப்பதா என்று பேச்சு நடந்த காலம். எல்லை அளக்க வந்த வெளியூர் ஆட்கள் தெருவில் திரிந்தார்கள். அவர்கள் கண்ணில் என் மனைவி படக்கூடாதென்று, சமையலறையின் ஒரே சன்னலுக்கு உள்ளிருந்து பலகை வைத்து ஆணியடித்தேன். புகை கூடத்துக்கு வந்ததும் கதவையும் சாத்தச் சொன்னேன்.

"சன்னலத் தெறந்து வுட்டா பொகை மேல போவுங்க," என்றாள் இருமிக்கொண்டே.

"ஈரக் கட்டைய எரிச்சிக்கினு சன்னலக் கொற சொல்றியா?" என்று கத்தினேன். பிறகு அவள் கேட்கவே இல்லை.

மூன்றாம் வருஷம் மழைக்காலத்தில், அந்த இருமலோடே போய்விட்டாள்.

காரியம் முடிந்து உறவுகள் கிளம்பியபின், அவள் அடுக்கி வைத்திருந்த விறகை எடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு நானே அடுப்பு மூட்டினேன். விறகு சருகாகக் காய்ந்திருந்தது. அப்படியும் கண் திறக்க முடியாத புகை. மூச்சு முட்டி, சன்னல் பலகையைப் பிடுங்கினேன். வெளிக்காற்று உள்ளே வந்தது. அடுப்பு வாயில் சுருண்டுகொண்டிருந்த புகை அப்படியே திரும்பி, புகைபோக்கியில் விறுவிறுவென்று ஏறியது.

உள்ளே காற்று வந்தால்தான் புகை வெளியே போகும். அவள் சொன்னது அவ்வளவுதான்.

கையிலிருந்த பலகையை வெளிச்சத்துக்குத் திருப்பினேன். உட்பக்கம் ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கத்தி நுனியால் நெம்பிய தழும்புகள். என்னைக் கேட்பதைவிட ஆணியைக் கேட்பது மேல் என்று நினைத்திருக்கிறாள்.