பேர் போட்ட ஸ்டேட்டஸ்

வெள்ளத்தாய்க்கு நீளமாகப் பேச நேரம் கிடையாது. வன்னியம்பட்டியில் சமைத்து இறக்கிவிட்டு, ராஜபாளையம் போகும் மில் வேனில் ஏறி உட்கார்ந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரே ஒரு வரி போடுவாள். "கொழம்புல உப்பில்லன்னு சொன்னவிய நாளைக்கு அடுப்படிக்கு வரவும்." அவ்வளவுதான். அவள் புருஷன் மாரிசெல்வம் உட்பட ஊரே படித்துவிடும். நானும் அதே வேனில், அதே மில்லுக்குப் போகிறவள். பத்தி பத்தியாக எழுதிப் போடுவேன், ஒருத்தரும் சீண்ட மாட்டார்கள். அவள் ஒரு வரிக்கு ஊர்ப்பட்ட பேர் சிரித்த முகம் அனுப்புவார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும்.

எங்கள் பக்கம் சாடை பேசுவதற்கென்று ஒரு முறை உண்டு. தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு ஒருத்தி பொதுவாக ஒரு வார்த்தையை வீசுவாள். பேர் சொல்ல மாட்டாள். யாருக்குச் சுடவேண்டுமோ அவளுக்குச் சுடும். பேர் சொன்னால் அது சண்டை. சொல்லாவிட்டால் வெறும் பேச்சு, யாரும் சட்டையைப் பிடித்துக் கேட்க முடியாது. வெள்ளத்தாய் அந்தக் குழாயடியை அப்படியே போனுக்குள் கொண்டு போனவள்.

எங்கள் கந்தவேணி மில்லில் பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவில் முதுகைக் கொடுத்து நிற்க வேண்டும். இரண்டு பேரையும் மெஷினில் காணோம் என்று சூப்பர்வைசர் கத்துவார். தாழ்ப்பாள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போன ஒரு நாள் வெள்ளத்தாய் ஸ்டேட்டஸ் போட்டாள்: "பொம்பளைங்க கக்கூசுக்கு ஒரு தாழ்ப்பாள் போட வக்கில்ல, இதுல முதலாளி நாற்காலி எதுக்கு?"

ஸ்டேட்டஸுக்கு ஒரு நாள்தான் ஆயுசு. ஆனால் யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப, அது மகாராஜபுரம் வரைக்கும் போய்விட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மாவா? ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் மறுநாளே ஆள் வைத்துத் தாழ்ப்பாள் போட்டார். ஒரு டியூஷன் சென்டரில் கதவையே மாற்றினார்கள். எங்கள் மேனேஜருக்கு மட்டும் ஒன்றும் குறுகுறுக்கவில்லை. "எவனோ நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான்" என்று சிரித்துக்கொண்டே அவரும் அதை நாலு பேருக்கு அனுப்பினாராம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குத்தான் அது நேரே நெஞ்சில் தைத்தது. அவர் கடையிலும் தாழ்ப்பாள் இல்லை. யார் போட்டது என்று விசாரித்துவிட்டார். அங்கே சேலைப் பிரிவில் நின்ற பரிபூரணம், வெள்ளத்தாயின் அண்ணன் பெண்டாட்டி. "உன் நாத்தனாகிட்டச் சொல்லி என் கடைய நாறடிச்சிட்டேல்ல?" என்று அன்றைக்கே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். அவர் கடையை யாரும் சொல்லவேயில்லை.

பரிபூரணம் நேரே வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"ஏட்டி, நீ யாரச் சொன்ன?"

"எங்க மில்லத்தான் மதினி."

"அத வாயத் தொறந்து சொல்ல வேண்டியதான? உன் வேலைக்குப் பயந்து பேர முழுங்கிட்ட. எம் வேல போச்சு."

மதினி சொன்னது உண்மை என்பதால்தான் வெள்ளத்தாய்க்கு அவ்வளவு வலித்தது.

நான்தான் முந்திக்கொண்டு யோசனை சொன்னேன். தாழ்ப்பாள் கேட்ட கதையிலிருந்து பரிபூரணத்துக்கு வேலை போனது வரை விளக்கமாக எழுதிக் கொடுத்தேன். அதை வெள்ளத்தாய் போட்டாள். அவள் அண்ணனே, "இம்புட்டு நீளத்த எவன் படிப்பான்?" என்று கேட்டார். முதல் வரியோடு நிறுத்திய ஒருவர், யாரோ தவறிவிட்டார்கள் என்று நினைத்து 'ஆழ்ந்த இரங்கல்' என்று அனுப்பினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கிப் போட்டு உடைத்திருப்பேன்.

மறுநாள் வேனில் ஏறியதும் வெள்ளத்தாய் போனை எடுத்தாள். "வேணாம் புள்ள, வேல போயிரும்" என்று வீட்டில் மாரிசெல்வம் கெஞ்சியிருக்கிறார். "மதினிக்குப் போகலையா? எனக்கும் போகட்டும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வேன் நகர்வதற்குள் போட்டுவிட்டாள்: "தாழ்ப்பாள் இல்லாதது கந்தவேணி மில்லுல. சொல்றது வெள்ளத்தாய். பரிபூரணத்துக்கு இதுல சம்பந்தமில்ல."

நாங்கள் மில்லுக்குள் நுழையும்போதே மேனேஜர் அவளைக் கூப்பிட்டுவிட்டார். நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன்.

"அத அழிச்சிரும்மா. அழிச்சா வேல இருக்கும்."

"நாளைக்கு அதுவே அழிஞ்சிரும் சார். நான் அழிக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு நீ வர வேண்டாம்."

"சரி சார். நாளைக்கும் போடுவேன். வேல இல்லன்னா போடுறதுக்கு இன்னும் நேரங் கெடைக்கும்."

சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்க்காமல் போனாள். சொன்னபடி மறுநாளும் போட்டாள். அதற்கு மறுநாளும் போட்டாள்.

மில்லின் பேர் தெரிந்துவிட்டதால் ஜவுளிக்கடைக்காரர் இறங்கி வந்தார். தப்பாக நினைத்துவிட்டோம், வேலைக்கு வா என்று பரிபூரணத்துக்கு ஆள் அனுப்பினார். அன்று சாயங்காலம் அவள் வெள்ளத்தாய் வீட்டுக்கு வந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"ஏட்டி, இந்த ஸ்டேட்டஸ் எப்புடிப் போடுறது?"

அதுவரை அவள் ஒன்றும் போட்டதில்லை. எங்கே தொட வேண்டும் என்று மட்டும் வெள்ளத்தாய் காட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அவளே அடித்தாள். கடையின் பேர், தெருவின் பேர், பிறகு: "இங்கயும் தாழ்ப்பாள் இல்ல. சொல்றது பரிபூரணம்."

வெள்ளத்தாய் பதறிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"மதினி, அதான் வேலைக்குக் கூப்பிட்டுட்டாவள்ல? பொறவு எதுக்கு இது?"

பரிபூரணம் கையை விடுவித்துக்கொண்டு பச்சை அம்புக்குறியை அமுக்கினாள்.

"போறேன்ட்டி. இதப் போட்டுட்டு நாளைக்கு வேலைக்குப் போறேன். நிறுத்துறவிய இப்ப என் மூஞ்சியப் பாத்து நிறுத்தட்டும்."