மேரியக்காவின் உதட்டு நிறம்

நான் வாய் திறக்காமல் இருந்தது போதும்.

ஆரோக்கியமேரி அக்கா இறந்த செய்தி, பொலிவியாவில் ஒரு சிற்றூர் மருத்துவமனை வாசலில் எனக்கு வந்தது. மருத்துவர் பேசிய ஸ்பானிஷ் புரியவில்லை. எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அய்மாரா பழங்குடிப் பெண் அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தார். தன் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். அது புரிந்தது.

ஏற்காட்டு மலையில், வாழவந்தியில் அக்காவின் காப்பித் தோட்டமும் என்னுடையதும் அடுத்தடுத்தவை. எஸ்டேட்டில் கூலிக்குப் பழம் பறித்து, மிச்சம் பிடித்துத் தோட்டம் வாங்கியவர். அறுபதைத் தாண்டியும் மூட்டையைத் தலையில் வைத்து மேடேறுவார். இருமல், இளைப்பு என்று படுத்து நான் பார்த்ததில்லை. வேலியோரம் நான் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தால், "ஏங் கண்ணு, காலங்காத்தால ஆரு மேல காய்ச்சல்? மொதல்ல காப்பியக் குடி, அப்புறம் வையலாம்" என்பார். என்னிடம் சலிக்காமல் பேசியவர் அவர் ஒருவர்தான்.

சிறு விவசாயிகள் குழுவாகப் பொலிவியாவின் காப்பித் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தோம். நாங்கள் இறங்கிய லா பாஸ் நகரம் ஏற்காட்டைவிட இரண்டு மடங்குக்கும் மேலான உயரம். "நம்மூரு மலையத்தான் நொம்பப் பெருசுன்னு நெனச்சிருந்தனுங்க. இங்க மலைக்கு மேல மலைய வெச்சிருக்கறாங்க" என்றார் அக்கா. சந்தையில் அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியும் அணிந்த பெண்கள் முதுகில் துணிகட்டி உருளைக்கிழங்கு சுமந்தார்கள். அக்காவும் தன் சால்வையை அப்படிக் கட்டிப் பார்த்தார். ஒரு பெண் முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டிவிட்டாள். "பாத்தியா, இங்கயும் ஒரு மேஸ்திரி இருக்கறா!"

இரண்டாம் நாள் இருமல் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று குழுத் தலைவரிடம் என் முன்னால்தான் சொன்னார். இந்த உயரத்துக் காற்று அவருக்குப் போதவில்லை, உடனே தாழ்வான ஊருக்கு இறக்க வேண்டும் என்றார் வழிகாட்டி. தலைவர் சிரித்தார். "நாமெல்லாம் மலையில பொறந்தவங்க. மலைக்காரனுக்கு மலை என்னங்க பண்ணீரும்?"

நான் மறுத்தேன்.

"பாதைத் தகராற இங்கயும் கொண்டாந்துட்டயாப்பா?"

என் தோட்டத்துக்குப் போகும் பாதையைத் தலைவர் அடைத்த கதை ஊருக்கே தெரியும். எல்லோரும் சிரித்தார்கள். அதோடு என் பேச்சு எடுபடவில்லை.

மறுநாள், காப்பி விளையும் பள்ளத்தாக்குக்கு இறங்குமுன் உச்சிக் கணவாயில் பஸ் நின்றது. வழிகாட்டி பூமித்தாய்க்கென்று கொஞ்சம் சாராயத்தைத் தரையில் ஊற்றினார். அக்காவும் பாட்டில் தண்ணீரைச் சிந்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அப்போதே கிளம்பியிருக்கலாம். பின்னால் பனிமலை தெரிந்தால்தான் படம் என்று, மூடுபனி விலகும்வரை தலைவர் எங்களைக் குழு பேனரோடு நிற்கவைத்தார்.

"எறக்கி உட்ருங்க சாமி. கீழ போனா செரியாயிரும்" என்று அக்கா கெஞ்சினார்.

"ஒரே ஒரு போட்டோங்கக்கா. சிரிங்க."

சிரித்தார். பள்ளத்தாக்கை அடைந்தபோது அவருக்கு நினைவில்லை.

இப்போது ஏற்காடு பஸ் நிலையத்தருகே அஞ்சலி பேனர் கட்டியிருக்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். நீலம் பாரித்திருந்த உதடுகளுக்குச் சிவப்பு ஏற்றியிருக்கிறார்கள். இரங்கல் கூட்டத்தில் தலைவர், "மூச்சு வியாதிய மறைச்சு வந்துட்டாங்க" என்றார். உடன் வந்தவர்கள் தலையாட்டினார்கள். வெளியே அக்காவின் மகள் என்னை நிறுத்தினாள்.

"ஏனுங்கண்ணா, அம்மா பொய் சொல்லீட்டா வந்துச்சு?"

இல்லை கண்ணு. அம்மா எதையும் மறைக்கவில்லை. இருமல் வந்த அன்றே சொன்னார். கணவாயில் மறுபடியும் சொன்னார்.

போய் வாருங்கள், அக்கா. சாயம் ஏற்றாத அந்தப் படத்தை இதோடு சேர்த்து ஊர் முகநூல் குழுவில் போடுகிறேன். நீல உதட்டோடு நீங்கள் சிரித்ததை எல்லோரும் பார்க்கட்டும். எழுதியது யாரென்று ஊர் கண்டுபிடித்துவிடும். ஆனாலும் மேலேயே என் பெயர் இருந்தால், முதல் வரியைப் படிக்குமுன்பே இதைப் பாதைத் தகராறு ஆக்கிவிடுவார்கள். அதனால் பெயர் போடவில்லை.