மூன்று நிமிட இடைவெளி

நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். இது என் கூடப்பிறந்த அண்ணனுக்குப் பட்டப்பகலில் நடந்தது. அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் பாதி அடி அதனால்தான் வாங்கினார்.

ஏழு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் அவர் ஏசி ஆபரேட்டர். மொட்டை மாடியில் ஆறு பெரிய கம்ப்ரஸர்கள். அவற்றின் சுவிட்சுகள் தரைக்கு அடியில், பேனல் அறையில். கரண்ட் போய் வந்தால் ஆறையும் ஒன்றாகப் போடக் கூடாது. கிளம்பும்போது ஒவ்வொன்றும் ஐந்து மடங்கு கரண்ட் இழுக்கும், மெயினே வெடித்துவிடும். ஒன்றைப் போட்டு, அது சீராக ஓடுகிறதா என்று பார்த்து, மூன்று நிமிடம் விட்டுத்தான் அடுத்தது. தானாக இதைச் செய்யும் டைமர் கெட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. அதன் வேலையை இரண்டு மனிதர்கள் செய்தார்கள். கீழே அண்ணன், மேலே நெட்டை, நடுவில் ஒரு இன்டர்காம்.

நெட்டை என்பது பட்டப்பெயர்; அவர் அண்ணனின் உயிர் நண்பர். மச்சான், மாப்ள என்றுதான் பேச்சு. பதினோரு வருடம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். மாடியில் நிற்பவர் ‘போடு’ என்றால் கீழே இருப்பவர் போட வேண்டும், கேள்வி கிடையாது. இருவரும் பேசி வைத்துக்கொண்ட சட்டம் அது.

அன்று மதியம் 1:52க்குக் கரண்ட் போனது. சாப்பிட்ட கையோடு நெட்டை அப்போதுதான் மாடிக்குக் கிளம்பியிருந்தார். 2:10க்குக் கரண்ட் வந்தது. 2:13க்கு இன்டர்காம் கிர்ர்ர்... என்றது.

“முதலாவது போடுங்க.”

அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. “என்ன மாப்ள, புதுசா மரியாதையெல்லாம்?”

 குரல் என்னவோ நெட்டையுடையதுதான். அண்ணன் போட்டார்.

2:16. “ரெண்டாவது போடுங்க.”

போட்ட பிறகுதான் ஒன்று உறைத்தது. மேலே கம்ப்ரஸர் விசிறிகள் ஓடும்போது நெட்டை தொண்டை கிழியக் கத்துவார். அப்போதும் பாதிதான் கேட்கும். இன்றைக்கு... விசிறிச் சத்தமே இல்லை. காற்றும் இல்லை. வெறும் குரல்.

2:18. “மூணாவது.”

இரண்டே நிமிடம்தான் ஆகியிருந்தது.

2:19. “நாலாவது.”

“அவசரப்படாத மாப்ள...”

மூச்சு விடும் சத்தம்கூட இல்லை.

2:20.

“அஞ்சும் ஆறும் சேர்த்துப் போடுங்க.”

கை நின்றது. “ரெண்டுமா?”

“என்னை நம்பலையா?”

சுருக்கென்று தைத்தது. போட்டார்.

டமார்!

வலது கை முழங்கை வரை வெந்துபோனது. வேலையும் போனது. விசாரணையில் நெட்டை என்ன சொன்னார் தெரியுமா? “நான் மாடிக்கே போகல. கரண்ட் போனப்பவே லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன். கரண்ட் வந்தும் அது நகரல.” லிஃப்டிலிருந்து 2:41க்கு அவரை எடுத்தது உண்மைதான். ஆனால் வெடித்ததும் பயந்து இறங்கும்போது மாட்டியிருப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம். “கூடவே இருந்து கழுத்தறுத்துட்டான்” என்று அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். நெட்டை ஒருமுறைகூட எட்டிப் பார்க்கவில்லை. 

இரண்டு வருடம் இரு வீட்டுக்கும் பேச்சே இல்லை. போன மாதம் மருந்துக்கடையில் நெட்டையின் மனைவியைப் பார்த்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூஞ்சியைத் திருப்ப வேண்டியது நாங்க. உங்க வீட்டுக்காரர் பண்ணின துரோகத்துக்கு...”

“துரோகமா? யாரு பண்ணினது?” அவர் நேராகத் திரும்பினார். “லிஃப்டுக்குள்ள ஒரு போன் இருக்குல்ல? ரெண்டு பதிமூணுக்கு அடிச்சுது. எடுத்தா, உங்க அண்ணன். ‘கதவைப் பிளந்து இறங்குங்க, தரை பக்கத்துலதான் இருக்கு’ன்னு விடாம சொன்னாராம். இவரும் நம்பி, இருட்டுல ஒரு காலை வெளிய வெச்சாரு. செருப்பு கழண்டு விழுந்துச்சு. அது தரையில படுற சத்தம் வரவே நேரமாச்சாம். கீழ அஞ்சு மாடி ஆழம்!”

 “இதை ஏன் அப்பவே சொல்லல?”

“சிநேகிதனைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரல.”

“எது வரைக்கும்... பேசினாரு?”

“வெடிச்சத்தம் கேக்குற வரைக்கும்.”

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன்.  அவர் செல்போனை எடுத்து, நெட்டையின் நம்பரைத் தேடினார்... விரல் அந்தரத்திலேயே நின்றது.

போனைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

“போன்ல வேணாம். நேர்ல போறேன்.”