அம்மாவின் குளிசையும் நாற்பது நாள் உபவாசமும்

அந்த வெள்ளிக்கிழமை லிங்கநகர் ஜெபக்கூட்டத்தில் போதகர் ஐயாவும் அயல்வீட்டு ரோசம்மா அக்காவும் அம்மாவும் நானும் இருந்தோம். அப்பா வரவில்லை. "உன்ர ஆண்டவர் குளிசைக் கணக்குப் பார்க்கிறவரோ?" என்று கேட்டுவிட்டுத் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெறுத்துப் போயிருந்தது.

சில வருஷங்களுக்கு முன் அம்மாவின் கழுத்துக் கழலையைத் தைரொயிட் சுரப்பியோடு வெட்டி எடுத்தார்கள். அந்தச் சுரப்பியின் வேலையை அதன்பின் மருந்துக் குளிசைதான் செய்ய வேண்டும். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. அம்மா நன்றாகத்தான் இருந்தார்.

சென்ற லெந்து காலத்தில், உயிர்த்த ஞாயிறுக்கு முந்தின அந்த நாற்பது நாளில், எல்லாம் பிழையாகிப் போனது. முகம் ஊதியது. கொளுத்துகிற வெயிலிலும் குளிர்கிறது என்று போர்த்துக்கொண்டு படுத்தார். குசினியில் அடுப்பின் முன் குந்தியபடியே தூங்கினார்.

"குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ அம்மா?" என்று டொக்டர் கேட்டார்.

"ஓம் ஐயா."

இரத்தம் கொழும்புக்குப் போனது. முடிவு வருமுன் எங்கள் பொறுமை போனது. சுரப்பு குறைவு என்று வந்தது. டொக்டர் ஒரு குளிசையை ஒன்றரை ஆக்கினார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து சில கிழமைகளில் எல்லாம் தலைகீழானது. நெஞ்சு படபடவென்று அடித்த அன்று வாடகைக் கார் பிடித்து ஓடினோம், டொக்டருக்கும் காரணம் விளங்கவில்லை. தேத்தண்ணிக் கோப்பை கையில் நிற்கவில்லை. உடம்பு கரைந்தது. அயலில் ஒருவர் குளிசையை நிற்பாட்டு என்றார், இன்னொருவர் இன்னும் கூட்டு என்றார். அப்பா என்னைப் பார்த்தார்.

"எங்கட பரம்பரையில நீதான் படிச்சனி. எத்தினை போட வேணுமெண்டு நீ சொல்லன்?"

எனக்கு என்ன தெரியும்? சவர பிளேட்டை எடுத்துக் குளிசையை நானே வெட்டிக் குறைக்கப் போனேன். கை துணியவில்லை. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அம்மா செத்துப் போவாரோ என்ற பயம். யார்மீது என்று தெரியாத கோபம்.

அந்தக் கோபத்தோடுதான் அன்று முழங்காலில் நின்றேன். ஜெபம் பண்ணவில்லை, வழக்குப் பேசினேன். "ஆண்டவரே, டொக்டருக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. நீரே காட்டும். ஒரு நாளும் தவறாமல் குளிசை போடுகிற என் தாய்க்கு ஏன்..."

"நிப்பாட்டு தம்பி!" அம்மா கத்தினார். "எனக்காக ஆண்டவருக்குப் பொய் சொல்லாதை."

ரோசம்மா அக்கா ஒரு கண்ணைத் திறந்தார்.

"லெந்து முழுக்க நான் குளிசை போடேல்லை. பொழுதுபடுமட்டும் பச்சத்தண்ணியும் குடிக்கேல்லை. காலமை குளிசை விழுங்கினா உபவாசம் முறிஞ்சிடுமெல்லே?"

"பின்ன ஏனம்மா டொக்டரிட்டச் சொல்லேல்லை?"

"உபவாசத்தை வெளியில சொல்லப்படாதெண்டு இவர்தானே பிரசங்கம் பண்ணினவர்!"

போதகர் ஐயாவுக்கு வியர்த்துவிட்டது. "அக்கா, பெருமைக்குச் சொல்லப்படாதெண்டுதான் சொன்னனான். டொக்டருக்குச் சொல்லப்படாதெண்டு சொல்லேல்லை!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. ஜெபம் முடியவே இல்லை, பதில் வந்துவிட்டது. ஒரு குளிசை போதாமல் போகவில்லை, அதை அம்மா விழுங்கவே இல்லை. லெந்து முடிந்து ஒன்றரையையும் ஒழுங்காக விழுங்கியதும் மருந்து மிஞ்சிவிட்டது.

அடுத்த நாளே டொக்டரிடம் போனோம். கேட்டுவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார். "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் கூட்டியிருக்கவே மாட்டன் அம்மா." நெஞ்சைச் சோதித்துவிட்டுப் பழைய ஒன்றுக்கே இறக்கினார். "உபவாசமெண்டாலும் ஒரு மிடறு தண்ணியோட இதைப் போடுங்கோ. உங்கட யோசனைக்குக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆறு கிழமையால திரும்ப இரத்தம் பார்ப்பம்."

பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அம்மாவின் கை நடுக்கமும் நின்றது.

அன்பானவர்களே, கர்த்தர் என் கோபத்தையும் ஜெபமாக ஏற்றுக்கொண்டார். நீங்களும் அவரிடம் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். டொக்டரிடமும் அப்படியே சொல்லுங்கள். அம்மாவை எங்களுக்குத் திருப்பித் தந்த தேவனுக்குத் தோத்திரம். இரண்டு முறை கொழும்புக்குப் போன இரத்தம், நெஞ்சு அடித்த அன்று பிடித்த வாடகைக் கார், எல்லாமாக அம்மா ஒளித்த உபவாசத்துக்கு எங்களுக்குச் செலவானது இருபத்தோராயிரத்து எண்ணூறு ரூபாய்.