பலகையில் கிடந்த கல்யாணம்

ஞானதாஸ் அண்ணன் எங்கள் செராமிக் கம்பெனியில் அச்சுப் பிரிவு மேஸ்திரி. நான் பக்கத்துக் கொட்டகையில் சாமான்களைக் கிளேஸ் பூச்சில் முக்குகிறவள். அவருடைய ஒழுங்கைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பாதி ஆயுசு எரிச்சலில் போயிற்று.

எந்த வேலை ஞாபகத்துக்கு வந்தாலும் ஈர மண்ணில் ஒரு வில்லை தட்டுவார். ஆணியால் அதில் ஒரே சொல்லைக் கீறி, சன்னலோரப் பலகையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார். கேஸ் புக் பண்ணுவது, அச்சு ரிப்பேர், மச்சான் வீட்டு விசேஷம் எல்லாம் அங்கே ஒன்றாகக் கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து பிரிப்பார்: உடனே செய்வது, வரும் வாரம் செய்வது, வேறு யார் தலையிலாவது கட்டுவது. வேலை முடிந்தால் வில்லை தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். சுடாத மண், கரைந்துவிடும். "எழுதினப்புறம் அதை மனசுல தூக்கிக்கிட்டுத் திரியக்கூடாது கனகா" என்பார். பெரிய கலெக்டர் என்று நினைப்பு.

2006இல் அவர் மகள் ரீட்டாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாயில்லாப் பிள்ளை. மாப்பிள்ளை சாவியோவுக்குக் குவைத்தில் வேலை. ஈஸ்டருக்கு முன்பே லீவு முடிகிறது. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில் அவர்கள் கோயிலில் கல்யாணம் கிடையாது. தவக்காலம் தொடங்குவதற்குள் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசித்து, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்க வேண்டும். மிச்சமிருந்ததே மூன்று ஞாயிறுதான். முதல் ஞாயிறுக்குள் ஃபாதரிடம் விவரம் கொடுக்காவிட்டால் கல்யாணம் அடுத்த லீவுக்குத்தான், அதாவது இரண்டு வருஷம் கழித்து.

அண்ணன் வழக்கம்போல ‘ஓலை’ என்று கீறிப் பலகையில் போட்டார்.

வெள்ளிக்கிழமை சூளை அடுக்கிய ராஜமாணிக்கத்துக்கு, தட்டு ஆடாமல் முட்டுக் கொடுக்கத் துண்டு மண் தேவைப்பட்டது. பலகையில் இருந்ததை அள்ளிக்கொண்டு போய்விட்டான். மறுநாள் பலகை காலியாக இருந்ததைப் பார்த்து அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். "இந்த வாரம் ஒண்ணும் பாக்கி இல்ல" என்று என்னிடம் பெருமையடித்துவிட்டுச் சூளைக் காவலுக்கு உட்கார்ந்தவர், ஞாயிறு பூசைக்கும் போகவில்லை. சூளை ஆறும்வரை படுக்கையும் அங்கேயே.

செவ்வாய்க்கிழமை சூளையைத் திறந்தார்கள். தட்டுக்கடியிலிருந்து வில்லைகள் கல்லாக வெந்து வந்தன. ஒன்றில் ‘ஓலை’ என்று படித்த அண்ணன் முகம் வெளுத்துப்போயிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பறந்தார். நான் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றேன். ரீட்டா நல்ல பெண்.

திரும்பி வந்தவர் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். "முந்தாநாளே முதல் ஓலை வாசிச்சாச்சாம் கனகா. ரீட்டாவே போயி எழுதிக் குடுத்திருக்குது."

மத்தியானம் சாப்பாடு கொண்டுவந்த மகளிடம் கேட்டார். "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

ரீட்டா தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "வியாழக்கிழமை வந்தப்போ பலகையில பாத்தேம்பா. கேஸு புக் பண்றதுக்கும் பல்பு வாங்குறதுக்கும் நடுவுல கெடந்துச்சு. அம்மா இருந்திருந்தா அன்னிக்கே போயிருப்பாங்க. அதான் நானே போனேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். அண்ணன் தூக்குவாளியைத் திறந்தார், சாப்பிடாமல் மூடினார்.

"வர ஞாயித்துக்கிழமை ரெண்டாவது ஓலைக்கு நீயும் நானும் முன்னாடி உக்காரலாம்மா."

"சூளை இருக்குதேப்பா."

"எவனாவது பாத்துக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் ரீட்டா அழுதாள்.