கண்ணாடிக் குழாய்க்கு வைத்த பொட்டு

புக்கிட் பாத்தோக்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் நடைபாதையில் பச்சை படிந்தால், மறுநாளே ஒருவர் நீர்ப்பீச்சியோடு வந்து கழுவிவிடுவார். அவரைத் தாண்டிப் போய் எம்ஆர்டி ரயில் பிடித்து, ஜூரோங்கில் அதே பச்சையை வளர்க்கிறேன். மீன்குஞ்சுத் தீவனத்துக்கான நுண்பாசி அது. வெளிக்காற்றும் தூசியும் புகாத கண்ணாடிக் குழாய்களில் வரிசை வரிசையாக ஓடுகிறது. அந்த அமைப்பை வடிவமைத்தவன் நான். வெயில் இருந்தால் பாசிக்குக் கரியமில வாயு வேண்டும்; இருட்டினால் நிறுத்திவிட வேண்டும். வெளிச்சத்தைப் பார்த்துச் சொல்ல உச்சியில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சென்சார் வைத்திருந்தேன். ஒன்றே ஒன்று.

குழாய்களைத் துடைத்துப் பராமரித்தவர் முருகேசன், புதுக்கோட்டைக்காரர். சென்ற ஆண்டு ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை வந்தது. வேலை முடியும் நேரத்தில், தேக்கா சந்தையில் வாங்கிய சந்தனத்தைக் குழைத்து எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார்.

“இதுக்கு நெத்தி எங்க சார் இருக்கு? எல்லாம் குடலாவே இருக்கு.”

“நீங்களே கண்டுபிடிங்க.”

“கெடச்சிருச்சு சார். நெத்திக்கண்ணு!”

சென்சாரின் மேல் தாராளமாக ஒரு பொட்டு. பார்த்துச் சிரித்தேன். கோவையில் நான் முதலில் வேலை பார்த்த பம்ப் பட்டறையில் மெயின் சுவிட்சை அணைத்த பிறகுதான் பொட்டு வைப்பார்கள். அன்று முழுக்க எதுவும் ஓடாது. இங்கே எதையும் அணைக்க முடியாது. ஓடிக்கொண்டிருந்ததற்கே பொட்டு வைத்தோம். அந்த வேறுபாடு எனக்கு உறைக்கவில்லை. முருகேசன் கொடுத்த பொரியை வாங்கிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினேன்.

திங்கள் காலை குழாய்களில் பழுப்பு நீர் நின்றது. சந்தனம் மூடிய சென்சார் இரண்டு பகலையும் இரவென்றே சொல்லியிருந்தது. வாயு கிடைக்காமல் பாசி திரண்டு, அடியில் படிந்து செத்திருந்தது.

மேலாளர் லிம் என்னையும் முருகேசனையும் உட்காரவைத்து விசாரித்தார்.

“ஒய் பெயிண்ட்?”

பெயிண்ட் இல்லை, பிரேயர் என்றேன். இயந்திரம் நன்றாக ஓட வேண்டும் என்று வேண்டிக்கொள்வது, ஆண்டுதோறும் செய்வது, எந்த இடத்தில் வைப்பது என்று பார்த்துத்தான் வைப்பார்கள். நிதானமாக விளக்கினேன். லிம் தலையசைத்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

“ஸோ, நாட் ஆக்சிடென்ட்.”

ஒரே சென்சாரை நம்பியது என் பிழை, பொட்டை நானும் பார்த்தேன் என்று அன்றே எழுதிக் கொடுத்தேன். “யுவர் டிசைன் டூ இயர்ஸ் ஓகே வாட். ப்ராசஸ் இஸ் ப்ராசஸ் லா” என்றார். குரலில் கோபமே இல்லை. என் தாள் விசாரணை அறிக்கையின் கடைசியில் இணைப்பாகச் சேர்ந்தது. முருகேசனின் வேலை அனுமதி ரத்தானது.

அவர் ஊருக்குக் கிளம்பும் முன் ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் சந்தித்தோம்.

“இப்ப ஓடுதா சார் அது?”

“ஓடுது.”

“நல்லது சார். என் கைபட்டு நின்னுபோச்சுன்னு ஆயிரக் கூடாதுல்ல.”

பெட்டியில் இடமில்லை என்று மிச்சமிருந்த சந்தன டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த ஆண்டு ஆயுத பூஜையன்று வீட்டில் மடிக்கணினியை அணைத்துவிட்டுச் சந்தனம் குழைத்தேன். பக்கத்தில் கிடந்த கைப்பேசித் திரையில், ஜூரோங்கில் இப்போது நான் வைத்திருக்கும் இரண்டு சென்சார்களும் பகல் என்று காட்டிக்கொண்டிருந்தன. அந்த அமைப்பை அணைக்க எனக்கு அனுமதி இல்லை. சந்தனம் விரலிலேயே காய்ந்தது.