ஒளித்து வைத்த சஹன்

டிசம்பர் பிறந்தால் போதும், லீவைக் குடும்பத்தோடு எப்படிக் கழிப்பது என்று யாராவது என் போனுக்கு ஆலோசனை அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். சேர்ந்து சமையுங்கள், சேர்ந்து விளையாடுங்கள், போனை ஓரமாக வையுங்கள், மனம் விட்டுப் பேசுங்கள். எழுதுகிறவர்களுக்குக் குடும்பம் என்று ஒன்று இருக்கிறதா என்றே எனக்குச் சந்தேகம். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது இதையெல்லாம் என் மாமி வரிசையாகச் செய்து பார்த்துவிட்டார். அதனால் எனக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாமி என்றால் வாப்பாவின் தங்கை. தோஹாவிலிருந்து அந்த வருடம் லீவுக்கு வந்தவர், ஹந்தானைப் பக்கம் மலைமேல் ஒரு வீட்டை மூன்று நாளைக்கு வாடகைக்கு எடுத்தார். கெலிஓயாவிலிருந்து நாங்களும் குண்டசாலையிலிருந்து சாச்சா குடும்பமும் கட்டாயம் வந்தாக வேண்டும் என்று உத்தரவு. சாச்சா வாப்பாவின் தம்பி. இருவரும் ஒன்றரை வருடமாகப் பேசிக்கொள்வதில்லை.

காரணம் என் மூத்த சகோதரி ராத்தாவின் கல்யாணம். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு வீட்டுக்கு நேரில் போய், உட்கார்ந்து, ஒரு வாய் தேத்தண்ணியாவது குடித்துச் சொல்ல வேண்டும். வாப்பா ஊரெல்லாம் ஏறி இறங்கினார். தம்பிக்கு மட்டும் போனில் திகதியைச் சொன்னார். சொந்தத் தம்பிக்கு என்ன அழைப்பு, முன்னால் நின்று நடத்த வேண்டியவனே அவன்தானே என்பது வாப்பாவின் நியாயம். ஊரெல்லாம் போனவருக்குக் குண்டசாலைக்கு வர மட்டும் பஸ் இல்லையா என்பது சாச்சாவின் நியாயம். சாச்சா கல்யாணத்துக்கு வரவில்லை. அதன்பின் சாச்சாவின் மகளும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

எனக்கு வலித்தது அதுதான். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. அதற்கு முன் ஒவ்வொரு பள்ளிக்கூட லீவுக்கும் அவள் எங்கள் வீட்டில்தான். பெரியவர்கள் பேசாமலிருப்பது அவர்கள் பாடு என்று விட்டுவிடலாம். அதற்காக என் நான்கு லீவுகள் வீணாகப் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இந்த மூன்று நாளில் இருவரும் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் மாமி தோஹாவுக்குப் போனபிறகு யார் எங்களைச் சேர்ப்பது? இந்த ஒரு கவலையோடுதான் நான் வேனில் ஏறினேன். வழி நெடுகிலும் காலை ஆட்டிக்கொண்டே இருந்ததற்கு உம்மாவிடம் இரண்டு தரம் கிள்ளு வாங்கினேன்.

வந்திறங்கியதும் மாமி சட்டங்களை அறிவித்தார். போன்கள் எல்லாம் அலுமாரிக்குள். சமையல் எல்லோரும் சேர்ந்து. பின்னேரம் கரம் போர்ட். 

"மூணு நாளைக்கு யாரும் மூஞ்சிய நீட்டிக்கொண்டு ஈக்கப்படாது" என்றார். அதைச் சொல்லும்போது அவருடைய கண் ஒரு முறை வாப்பா மீதும் ஒரு முறை சாச்சா மீதும் போய் வந்தது. இருவரும் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்கள்.

கரம் போர்டில் மாமி அண்ணனையும் தம்பியையும் ஒரே கட்சியில் போட்டார். அது கெட்டிக்காரத்தனம் என்று நானும் நினைத்தேன். வாப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "செவப்புக்கு இப்பவே அவசரப்பட்டா கைக்காயும் போயிரும்" என்றார். சாச்சா மாமியின் மூத்த மகன் பக்கம் திரும்பி, "மருமகன், ஒங்கட மாமாட்ட சொல்லுங்க, எனக்கும் கண் தெரியும் எண்டு" என்றார். இப்படியே ஆடி, ஆட்டத்திலும் தோற்றார்கள். பிறகு வாப்பா மழையைப் பார்க்க வெளியே போனார். சாச்சா மழை எப்போது விடும் என்று பார்க்கப் பின்பக்கம் போனார். மழை இருவருக்கும் நிறைய வேலை கொடுத்தது. அந்த வீட்டில் எந்தக் கதிரையிலும் ஒருவர் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

சாச்சாவின் மகளும் சரியாக இல்லை. ஒன்றரை வருடம் கழித்துப் பார்க்கிறவள், என் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. ஆனால் எதைக் கேட்டாலும் அரைப் பேச்சு. ஏதோ சொல்ல வாயெடுப்பாள். சாச்சி பார்த்தால் மூடிக்கொள்வாள். குண்டசாலைக்காரர்கள் பெருமை பிடித்தவர்கள் என்று வாப்பா தன் கடையில் சொல்வது உண்மைதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் எழுந்து வந்தால் சாச்சி துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். மழை கூடிக்கொண்டு வருகிறது, பகல் சாப்பாட்டோடு இறங்கிவிடுவோம் என்று சாச்சா சொன்னாராம். வாசலுக்கும் குசினிக்கும் எத்தனை முறை நடந்தேனோ தெரியாது.

குசினியில் உம்மா நெய்ச்சோறு கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த மூன்று சஹன்கள். ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டைத்தான் எங்களில் சஹன் என்போம். பெண்கள் ஐந்து பேருக்கு ஒன்று. ஆண்களும் ஐந்து பேர்தான்: வாப்பா, சாச்சா, மாமியின் கணவரான மாமா, அவர்களுடைய இரண்டு மகன்மார்.

"அஞ்சு பேருக்கு எதுக்கு உம்மா ரெண்டு சஹன்?" என்றேன்.

"ஒனக்கு வாய் கூடிப்போச்சு. போய் வெங்காயத்த உரி."

ஒன்று வாப்பாவுக்கு, ஒன்று சாச்சாவுக்கு. கணக்கு எனக்குப் புரிந்தது. ஆண்கள் ஜும்ஆவுக்குப் பள்ளிவாசலுக்கு இறங்கினார்கள், அதுவும் இரண்டு வாகனத்தில். உம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு சஹனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அது என் அகலம் இருந்தது. கட்டிலுக்குக் கீழே தள்ளும்போது கட்டில் காலில் இடித்து 'டாங்' என்றது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்ததால் பிழைத்தேன்.

ஆண்கள் திரும்பி வந்து பாயில் உட்காரும் நேரம் உம்மா தேடத் தொடங்கினார். மூன்று கொண்டுவந்தது நல்ல ஞாபகம் இருக்கிறது என்று வேனைக்கூடத் திறந்து பார்த்தார். நான் வெங்காயத்தின் முன்னால் ஆடாமல் அசையாமல் இருந்தேன். அந்த மூன்று நாளில் நான் அசையாமல் இருந்தது அப்போது மட்டும்தான்.

சாச்சி மெல்ல, "இவருக்குத் தனிப் பீங்கான்ல போட்டுக் குடுப்போமா?" என்றார்.

"பீங்கான்ல போட இதென்ன ஹோட்டலா?" என்றார் மாமி. கூடத்துக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தி, "இல்லாட்டி இல்ல. அஞ்சு பேருக்கு ஒண்டு போதும்" என்று சஹனைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

வைத்த சாப்பாட்டை விட்டு எழுந்து போக யாராலும் முடியாது. இருவரும் நேரெதிரே உட்கார்ந்தார்கள். நாங்கள் உள்ளறையில். மூன்று வாய்க்கு ஒரு தரம் எழுந்து திரை இடுக்கால் பார்த்தேன். உம்மா பாவாடையைப் பிடித்து இழுப்பார், நான் மறுபடி எழுவேன். முதலில் ஆளுக்காள் தன் முன்னால் இருந்த சோற்றை மட்டும் பார்த்துச் சாப்பிட்டார்கள். வயதில் மூத்தவர் என்று வாப்பாதான் கோழியைப் பிய்த்துப் பங்கு வைத்தார். அப்போது சாச்சா குனிந்தபடியே தணிந்த குரலில் ஏதோ சொன்னார். மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வாப்பாவின் கை சோற்றுக்குள்ளேயே நின்றுவிட்டது. மாமாவும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

இனி எழுந்துவிடுவார்கள் என்று நான் திரையை இறுக்கிப் பிடித்தேன். வாப்பா எழவில்லை. சோற்றைக் கிளறி, அடியில் கிடந்த ஈரல் துண்டைத் தேடி எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். சாச்சா அதில் பாதியைப் பிய்த்துத் திருப்பித் தள்ளினார்.

கை கழுவும் பேசினையும் தண்ணீர் ஊற்றும் கெண்டியையும் கொண்டுவருவது மாமியின் இளைய மகனின் வேலை. சாச்சா கெண்டியை அவன் கையிலிருந்து வாங்கி, வாப்பாவின் கைக்குத் தானே தண்ணீர் ஊற்றினார்.

"மாப்புச் செய்ங்க நானா" என்று அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார்.

"நீயும் எனக்கு மாப்புச் செய்" என்றார் வாப்பா. ஈரக் கையாலேயே தம்பியின் மணிக்கட்டைப் பிடித்தவர், விடாமல் வைத்துக்கொண்டிருந்தார்.

வென்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் சண்டை முடிந்தால் கேட்கிற அதே மாப்புத்தானே இது. குசினிக்கு ஓடினால் உம்மாவும் மாமியும் அழுதுகொண்டிருந்தார்கள். சந்தோஷம் வந்தாலும் இவர்களுக்கு அழத்தான் தெரியும் என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சாச்சி மடித்த துணிகளை மறுபடி வெளியே எடுத்தார். அடுத்த நாள் கட்டிலுக்குக் கீழிருந்து சஹனை இழுத்தெடுத்த உம்மா, தூசியைத் துடைத்தாரே தவிர என்னை ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சாச்சாவின் மகளை வாசற்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன். மழை தூறலாகியிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மாமியின் சட்டங்களை மிஞ்சுகிற மாதிரி அடுத்த லீவுகளுக்கு வரிசையாகத் திட்டம் சொன்னேன். ஏப்ரல் லீவுக்கு நீ எங்கள் வீட்டுக்கு வருகிறாய் என்றேன். சரி என்றாள். கம்பளையில் ராத்தா வீட்டுக்கு ரயில் கோச்சியில் போகிறோம் என்றேன். சரி என்றாள். யார் கூடுதலாக நோன்பு பிடிக்கிறோம் என்று பார்ப்போம் என்றேன். அதற்கும் சரி. கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்; தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்தேன்.

சாச்சா குடும்பத்துக்கு ஆஸ்திரேலியா விசா வந்து அப்போது ஒரு மாதம். ஜனவரி கடைசியில் குடும்பத்தோடு போய்விட்டார்கள், இன்னும் அங்கேதான். நானாவிடம் தன் வாயால், நேரில் சொல்லும்வரை ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று சாச்சா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். சண்டைக்குப் பிறகு கேட்கிற மாப்பைத்தான் எனக்குத் தெரியும். தூரப் பயணம் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்போமோ இல்லையோ என்று அதைக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள் என்பதை எனக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டுதான் என் ஒவ்வொரு திட்டத்துக்கும் சரி சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெருநாளைக்கு இரண்டு பேரும் ஒரே மாதிரி உடுப்புத் தைப்போம் என்றபோது மட்டும் நிமிர்ந்து, "என்ன கலர்?" என்று கேட்டாள். பச்சை என்றேன். கொஞ்ச நேரம் உண்மையாகவே யோசித்தாள். பச்சை தனக்கு எடுக்காது, நீலம் தைப்போம் என்றாள். ஒன்றரை வருடம் கழித்து வந்துவிட்டு இதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டாளா என்று எனக்குக் கோபம் வந்தது. கையை உதறிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று அந்தி மக்ரிப் தொழுகை வரை நான் அவளோடு பேசவில்லை.